ஸ்கிரீனில் ஓடிய பெயர்

போன ஞாயிறு எங்கள் பங்குக் கோயிலில் எனக்கு மாலை மரியாதை நடக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். பின்னே? கோயிலையே டிஜிட்டல் ஆக்கியவன் அல்லவா!

விஷயம் இதுதான். இறந்தவர்களுக்காகப் பூசை கேட்பவர்கள் இனி கோயில் ஆபீசில் வரிசையில் நிற்க வேண்டாம். செல்போனிலேயே பதிவு செய்யலாம். பூசைக்கு முன்னால், ஃபாதருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் மைக்கில் பெயர்களை வாசிப்பாரே... அதற்குப் பதில் பீடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஸ்கிரீன். பூப்போட்ட பார்டரோடு பெயர்கள் ஓடும்.

இதை மக்களுக்குச் சொல்லும் பொறுப்பு என்னுடையது. வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போஸ்டர் போட்டேன். கட்டைவிரல்கள் வந்து குவிந்தன. பாரிஸில் இருக்கும் பங்குக்காரர் ஒருவர் 'பிராவோ' என்றார். போதாதா?

பூசை முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். முத்தியால்பேட்டை பிலோமினா அக்கா மட்டும் எழுந்திருக்கவில்லை. அன்று அவர் வீட்டுக்காரருக்கு வருஷப் பூசை. கனகசெட்டிக்குளத்திலிருந்து வந்திருந்த தங்கையும் பக்கத்தில்.

"பூசை முடிஞ்சிடுச்சுக்கா."

"முடிஞ்சிடுச்சா? இவரு பேரு இன்னும் படிக்கலியேப்பா. படிப்பாங்கன்னுதான் உக்காந்துருக்கேன்."

"ஸ்கிரீன்ல வந்துச்சேக்கா! மொத பேரே அவருதுதான்."

"நான் பாத்தேன்... அவரு கேக்க வேணாமா?"

தங்கை வேறு எடுத்துக் கொடுத்தார்: "மாமா மில்லுல தறிகிட்டயே கெடந்தவரு. காது மந்தம். மைக்குல படிச்சாலே எட்டுமோ என்னமோ..."

சிரித்துச் சமாளிக்கலாம் என்று பார்த்தேன். ஆனால் அக்காவின் கண் கலங்கியிருந்தது. புருஷனுக்காக வருஷம் முடிந்து கொடுத்த பூசை அவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு மனசே சரியில்லை.

ஃபாதரிடம் ஓடினேன். அங்கியைப் பாதி கழற்றியிருந்தவர், கேட்டதும் மறுபடி மாட்டிக்கொண்டு வந்தார். மைக்கைப் போட்டு, காலிப் பெஞ்சுகளைப் பார்த்து ஒரே ஒரு பெயரை வாசித்தார்: "சேசுராஜ் ஆத்தும இளைப்பாற்றிக்காக..."

சின்னதாக ஒரு செபம். அக்கா சிலுவை போட்டுக்கொண்டு எழுந்தார்.

"மெர்சி, சாமி" என்று எங்கள் ஊர் வழக்கப்படி பிரெஞ்சிலேயே நன்றி சொன்னார்.

அதற்காக ஸ்கிரீனைக் கழற்றிவிடுவதா? மாட்டேன்! வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள்கூட இப்போது அப்பா அம்மாவுக்குப் பூசை கேட்கிறார்கள். நல்ல ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான். நான் கோட்டை விட்ட இடம் வேறு. புதிதாக என்ன வருகிறது என்று போஸ்டர் போட்டவன், பழையதில் எது நின்றுபோகப் போகிறது என்று வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் அக்கா அன்றைக்கே கேட்டிருப்பார். கட்டைவிரல் காட்டியவர்கள் யார் வீட்டுக்கும் அந்த வாரம் பூசை இல்லையே!

இனி ஸ்கிரீனும் ஓடும், உபதேசியாரும் வாசிப்பார். இந்தத் தடவை போஸ்டர் கிடையாது. கோயில் வாசலில் நின்று, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மைக் சத்தத்தை மட்டும் கொஞ்சம் கூட்டச் சொல்லியிருக்கிறேன். மில்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள் அல்லவா... மேலே!