அக்காவின் உயரத்துக்கு ஒரு சைக்கிள்

அப்பா சைக்கிள் கடை வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அக்காவின் பாதத்தைத் தன் கையால் பிடித்துப் பெடலில் வைத்த காட்சிதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. எழுபதுகளின் கடைசி. சங்கரன்கோவில் தேரடிக்குப் பக்கத்துக் கடை. சைக்கிள் வாங்கியது எனக்கு. ஆனால் வாடகைச் சைக்கிளில் ஓட்டிப் பழகும்போது விழுந்து, வீங்கிய கணுக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் அக்காவுக்கும் ஒரே உயரம். அதனால் என் சைக்கிளுக்கு அவளை உட்காரவைத்து அளவு பார்த்தார்கள்.

"ஏட்டி, குதிங்காலைப் பெடல்ல வச்சு காலை நீட்டு. முட்டு மடங்காம நீளுதா?"

"நீளுதுப்பா."

"இடுப்பு ஒரு பக்கமாச் சாயுதா?"

"சாயல."

அக்கா ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. நானும் குனிந்து என் கால்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு இரண்டு வருடம் முன்னால் அக்காவுக்கு வேலை உத்தரவு வந்தது. ஆசிரியைப் பயிற்சி முடித்திருந்தாள். குருவிகுளத்துக்கும் அப்பால், பஸ் போகாத ஒரு சிற்றூரில் பள்ளிக்கூடம். மெயின் ரோட்டில் இறங்கி வண்டிப்பாதையில் வெகுதூரம் போக வேண்டும். "சைக்கிள் பழகிக்கிடுதேன்பா" என்று அக்கா ஒரே ஒரு தடவை கேட்டாள். பருத்திக் கமிஷன் கடையில் கணக்கெழுதிய அப்பா, தினமும் சைக்கிளில் போய் வருகிறவர், சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்துவிட்டார். "சேலையைக் கட்டிக்கிட்டு பொம்பளப்பிள்ள சைக்கிள் மிதிச்சுப் போறதை ஊரு பாக்கணுமா?" சேர வேண்டிய தேதி கடந்துபோயிற்று. அக்கா அழுததாகக்கூட எனக்கு நினைவில்லை. மறுநாளும் வழக்கம்போல எனக்குத் தலைபின்னி விட்டாள்.

பிறகு நான் கிராம சுகாதாரச் செவிலியர் பயிற்சிக்குத் திருநெல்வேலி போனேன். என்னை அனுப்பச் சொல்லி அப்பாவிடம் வாதாடியவள் அக்காதான். எனக்கு வேலை கிடைத்ததும் அதே கரிசல் காட்டில்தான். நாலைந்து ஊர்களைச் சுற்றி வர வேண்டும். இந்தத் தடவை அப்பா ஊரைப் பற்றி எதுவும் பேசவில்லை. "சைக்கிள் எடுக்கணும்" என்று மட்டும் சொன்னார். அக்காவுக்கு வாசுதேவநல்லூரில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்த சமயம் அது.

அப்பா அந்தச் சைக்கிளுக்குப் பட்ட பாட்டைப் பார்த்தால் கல்யாணம் அதற்குத்தான் என்று தோன்றும். நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிள். முந்தானை சிக்காமல் பின்சக்கரத்துக்கு இருபுறமும் வலை, சங்கிலிக்கு முழு மூடி. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்தால் ஆளையே நிறுத்திவிடும் என்று, மிதிக்க இலகுவாகப் பின்சக்கரத்தில் பல் கூடுதலான ஃப்ரீவீல். கருவேல முள்ளுக்குத் தடித்த டயர். மழையில் கரிசல் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றாது என்பதால் மட்கார்டை உயர்த்திக் கட்டச் சொன்னார். மருந்துப்பெட்டி ஆடாமல் நிற்க கேரியரை மாற்றினார். முதுகு வளையாதபடி ஹேண்டில்பாரை ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கி, கடைக்காரர், "அண்ணாச்சி, பிளசர் காருக்குக்கூட இவ்வளவு பாக்க மாட்டாக" என்று சிரித்தார். ஒவ்வொன்றுக்கும் அக்கா ஏறி உட்கார்ந்தாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். அப்பா யாருக்கு எதை ஈடுசெய்கிறார் என்று எனக்குப் புரிந்துதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை. அந்தச் சைக்கிள் எனக்கு வேண்டும். அவ்வளவு ஆசையாக இருந்தது.

தையில் அக்காவுக்குக் கல்யாணம். நான் வேலைக்குப் போனேன். சைக்கிள் என் உடம்போடு அப்படிப் பொருந்தியிருந்தது; பொழுதடையும்வரை சுற்றினாலும் முதுகு வலித்ததில்லை.

அடுத்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும் கிளம்பி, புளியங்குடி வழியாக வாசுதேவநல்லூருக்குச் சைக்கிளிலேயே போனேன். வழியெல்லாம் எதிர்காற்று. மலை நெருங்க நெருங்க எனக்கு ஒரே குதூகலம். அக்கா வீட்டுத் தெருவில் திரும்பிய பிறகுதான், எதைக் காட்டிக்கொள்ள வந்திருக்கிறேன் என்று சுருக்கென்றது.

அக்கா கைக்குழந்தையோடு வெளியே வந்தாள். "இவ்வளவு தூரமும் மிதிச்சா வந்த?" என்று என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷம். சாயங்காலம் குழந்தையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, "வா, குளத்தங்கரை வரைக்கும் போயிட்டு வருவோம். நீ மிதி, நான் பின்னால உக்காந்துக்கிடுதேன்" என்றாள்.

கரையில் ஆள் நடமாட்டமில்லை. அவள் கை என் இடுப்பைச் சுற்றியிருந்தது. பின்னாலிருந்து பேசினாள்.

"அன்னைக்கு நீ பெஞ்சில இருந்தப்போ, அப்பா எங்கிட்ட மெதுவா ஒண்ணு கேட்டாக. ஒனக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. என்ன?"

"'ஒனக்கும் ஒண்ணு எடுத்திரட்டுமா'ன்னு கேட்டாக."

மிதிப்பதை நிறுத்திவிட்டேன். சைக்கிள் தானாக உருண்டது.

"நீ என்ன சொன்ன?"

"இப்ப எதுக்குப்பான்னு சொன்னேன். வேலைக்கு விட்டிருந்தா சைக்கிளை நானே வாங்கியிருப்பேன்லா?"

குரலில் கோபமே இல்லை. "நிக்காத, மிதி. விழுந்திரப் போறோம்" என்றாள். மிதித்தேன்.

அப்பா போய்ப் பல வருடமாகிவிட்டது. இப்போது அந்தக் கரிசல் ரோட்டில் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் போவதை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அக்காவின் இரண்டு மகள்களும் வேலையில் இருக்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற அன்று நடந்த விழாவுக்கு அக்காவும் வந்திருந்தாள். முன்வரிசையில் உட்காரவைத்திருந்தோம். ஒவ்வொருவராக எழுந்து, வெயிலென்றும் மழையென்றும் பாராமல் இவர் சைக்கிளில் வருவார் என்று என்னைப் புகழ்ந்தார்கள். எல்லாரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் அவள்தான்.

கூட்டம் கலையும்போது புதிதாக வந்த செவிலியர் பெண் அவள் பக்கத்தில் போய், "நீங்க அக்காவா? ரெண்டு பேரும் ஒரே மாதிரி இருக்கீங்களே! நீங்க என்ன வேலை பாத்தீங்கம்மா?" என்று கேட்டாள்.

கழுத்தில் மாலையோடு நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

"வீட்டுலதாம்மா இருந்தேன்" என்றாள் அக்கா சிரித்துக்கொண்டே. என்னைப் பார்த்ததும், மாலை கனக்குமே என்று அதைக் கழற்றிக் கையில் வாங்கிக்கொள்ள எழுந்து வந்தாள்.