பழக்கியவன் கேட்ட கேள்வி

மொன்றியல் துறைமுகத்தில் என்னோடு வேலை செய்யும் மார்க்தான் எனக்குச் சுடப் பழக்கினான். அனுமதி கிடைத்ததும் மலிவான துவக்கு ஒன்று வாங்கினேன். ஒவ்வொரு வெடிக்கும் கையால் பின்னுக்கு இழுத்துக் குண்டேற்ற வேண்டும். அதன் விசையை மாற்றினேன். கன்னம் பொருந்தும்வரை மரப்பிடியைத் தேய்த்தேன். மூச்சை எப்போது அடக்குவது என்று மார்க் கோடை முழுக்கப் பக்கத்தில் படுத்திருந்து சொல்லித் தந்தான்.

இலையுதிர்காலப் போட்டியில் அவனை வென்றேன். கட்டிப்பிடிப்பான் என்று நினைத்தேன். அவனோ எல்லாருக்கும் முன்னால், “உண்மையைச் சொல், உங்கட நாட்டில எத்தனை பேரைச் சுட்டனீ?” என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

“சண்டைக்குப் பயந்து அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு ஓடினவ. நான் முதல் தொட்டதே உன்ர துவக்கைத்தான்,” என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். மார்க் கண்ணடித்தான். அவன் நம்பவில்லை.

வீட்டில் மனைவி, “பகிடிக்குக் கேட்டிருப்பார், விடுங்கோ,” என்றாள்.

“பழக்கினதே அவன்தானப்பா,” என்றேன்.

என் ஊரை அவன் அறியாதது பெரிதில்லை. தான் பழக்கிய கையையே அவனுக்குத் தெரியவில்லை. துவக்கு அலுமாரியில் பூட்டிக் கிடக்கிறது.

போன கிழமை மறுபடி சுட வரச்சொல்லிக் கூப்பிட்டான். நாரி நோகிறது, குனிய முடியவில்லை, வரவில்லை என்று பொய் சொன்னேன். அதை உடனே நம்பினான்.