குருமே நீலத்துணியும் தம்பியார் சொல்லாத வாக்கியமும்

இந்நினைவு மலரைக் கையிற் பெறும் உறவினர்க்கும் நண்பர்க்கும் தமையன் என்ற முறையில் என் வணக்கம். தம்பியாரின் முப்பத்தோராம் நாளை முன்னிட்டு அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் கேட்டனர். கேட்டதோடு அமையாது, கட்டுரையில் தவறாது இடம்பெற வேண்டிய வாக்கியம் ஒன்றையும் தாமே எழுதி அனுப்பினர். "யப்பானியருக்கு நெசவும் சாயமும் கற்பித்தவர் தமிழரே என்பதை அந்நாட்டுக் கைவினைகளைக் கொண்டே நிறுவிய பேரறிஞர்" என்பது அவ்வாக்கியம்.

தம்பியார் அப்படி எதையும் நிறுவவில்லை. நிறுவுமாறு கேட்டவர்களுக்கு ஒரு மண்டபம் நிறைந்த மக்கள் முன்னிலையில் மறுப்புச் சொன்னவர் அவர். எதைச் சொல்ல மறுத்தமைக்காக அவரை எள்ளி நகைத்தார்களோ, அதையே அவர் வாய் மூடிய பின் அவர் பெயரால் அச்சிட முனைவோரின் துணிவு வியப்புக்குரியது. ஆகவே நடந்ததை நடந்தவாறே எழுதுகிறேன்.

தம்பியார் வடமராட்சியிலே புலோலியில் ஐவருள் மூன்றாமவராகப் பிறந்தார். நான் மூத்தவன். படிப்பில் அவர் என்னைப் போல் வரவில்லை என்று வீட்டிற் சொல்வது வழக்கம். அவ்வழக்கத்தைத் தொடக்கி வைத்தவனும் நானே. போர் மூண்ட சில ஆண்டுகளில் அவர் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தார். அகதி முகாமில் ஒரு குளிர்காலம் முழுவதும் காத்திருந்தபின் இக்காஸ்ட் நகரின் சாயச்சாலை ஒன்றில் அவருக்கு வேலை கிடைத்தது. நான் பின்னர் வந்து, பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் கற்பித்துப் பெரிய மனிதன் ஆனேன். அவர் பதினெட்டு ஆண்டுகள் கொதிக்கும் தொட்டிகளின் ஆவியில் நின்று, தம் துணைவியாரையும் மகளையும் காத்து, ஊரில் இருந்த இரு தங்கையரையும் கரையேற்றினார்.

அவருடைய நகக்கண்களில் நீலம் எப்போதும் தங்கியிருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. திருமண வீடுகளில் அந்தக் கையைப் பார்த்து முகம் சுளித்தவர்களை நான் பெயர் பெயராக அறிவேன். அவர்களுடைய மருமக்கள் கணினி முன் அமர்ந்து வேலை செய்பவர்கள். அந்த ஒரு தகுதி தவிர அவ்வீடுகளிற் சொல்லத்தக்கதாக வேறு எதையும் நான் கண்டதில்லை.

ஆலையை வேறு நாட்டுக்குக் கொண்டு போனார்கள். வேலையிழந்த தம்பியாரைக் கொம்யூன் எனும் நகரசபையினர் தொழிற்பயிற்சி என்ற பெயரில் அயலூர்ச் சிறு அருங்காட்சியகம் ஒன்றுக்கு அனுப்பினர். கதவருகே கதிரையில் அமர்ந்து பார்வையாளரைக் கவனிப்பது வேலை. பயிற்சி முடிந்தபின்னும் அங்கேயே இருத்திக்கொண்டார்கள். முன்னொரு காலத்தில் யப்பானில் கப்பல் கட்டப் போன டேனியப் பொறியியலாளர் ஒருவர் விட்டுச் சென்ற கைவினைப் பொருள்கள் அவ்விடத்தில் நான்கு கண்ணாடி அலுமாரிகளில் இருந்தன. வடக்கே நம்பு என்னும் நாட்டின், நீர் காய்ச்சும் வார்ப்பிரும்புக் கேத்தல், தொகோகு மலைநாட்டுக் கைகாலற்ற மரப்பாவைகள், மேற்பூச்சில்லாத பிசென் மண்கலங்கள், குருமே ஊரின் நீலப் பருத்தித்துணி.

மற்றக் காவலர் கைப்பேசியைப் பார்த்துப் பொழுது போக்கிய கதிரையில் இருந்தபடி, தம்பியார் அகராதி ஒன்றைத் துணையாகக் கொண்டு அங்கிருந்த நூல்களை ஒவ்வொன்றாகப் படித்து முடித்தார். கேத்தல் வார்ப்பு எப்படித் தொடங்கியது என்று கேட்டால், நம்புச் சிற்றரசர் தேநீர்ச் சடங்கின் பொருட்டுக் கியோத்தோவிலிருந்து வார்ப்புத் தொழிலரை வருவித்த செய்தியைச் சொல்வார். மரப்பாவைகள் இறந்துபோன குழந்தைகளின் நினைவாகச் செய்யப்பட்டவை அல்லவா என்று கண்ணீர் மல்கக் கேட்கும் பார்வையாளர் பலர் உண்டு. அந்தக் கதைக்குச் சான்று இல்லை, வெந்நீர் ஊற்றுகளுக்கு வந்து போவோருக்கு விற்பதற்காகக் கிண்ணம் கடைந்தவர்கள் கடைந்த பாவைகள் அவை என்று தம்பியார் அமைதியாகச் சொல்வார். சிலர் மனம் வாடிப் போவார்கள். அதற்காக அவர் கதையை மாற்றியதில்லை.

நீலத்துணியின் கீழ் இருந்த அட்டையில் அது அச்சிட்ட துணி என்று எழுதியிருந்தது. தம்பியார் அத்துணியைத் திருப்பிக் காட்டச் சொன்னார். அச்சுத்துணியின் பின்புறம் வெளிறியிருக்கும், உருவின் ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருக்கும். இதிலோ இருபுறமும் ஒரே நீலம், வெண்புள்ளிகளின் ஓரம் மட்டும் சற்றே கலங்கியிருந்தது. நெய்வதற்கு முன்பே நூலை இடையிடையே இறுகக் கட்டிச் சாயத்தில் தோய்த்திருக்கிறார்கள், கட்டிய இடம் வெள்ளையாக நின்றிருக்கிறது என்று விளக்கினார். பொறுப்பதிகாரியான டேனிய அம்மையார் வெளியூர் அறிஞர் ஒருவருக்கு எழுதிக் கேட்டு, அவர் சொன்னது சரியெனக் கண்டு, ஒரே மாதத்தில் அட்டையை மாற்றினார். கதவருகே இருந்த கறுத்த மனிதனின் சொல்லை ஓர் அந்நிய நிறுவனம் மதித்த வகை இது. நம்மவர் மதித்த வகையை இனிச் சொல்கிறேன்.

தம்பியாரின் மைத்துனர் கோல்டிங்கில் ஒரு தமிழ் மன்றத்தின் தலைவர். அம்மன்றத்தின் ஆண்டு விழாவில் தம்பியாரைப் பேச வைப்போம் என்று அவர் சொன்னபோது நான் மகிழ்ந்தேன். விழாத் தலைமை எனக்கு. அழைப்பிதழை எழுதியவனும் நானே. தம்பியாரைக் கேட்காமலே அவருடைய பேச்சுக்கு "யப்பான் கைவினைகளின் தமிழ் மூலம்" என்று தலைப்பிட்டு அச்சுக்கும் கொடுத்துவிட்டேன். தலைப்பை முதலில் முழங்கிவிட்டுச் சான்றைப் பிறகு தேடுவது நம் மேடைகளின் நெடுநாள் நோய். அந்நோய் எனக்கும் முற்றியிருந்தது.

அழைப்பிதழ் கண்டதும் தம்பியார் தொலைபேசியில் அழைத்தார்.

"அண்ணை, உந்தத் தலைப்பு ஆர் வைச்சது?"

"நான்தான். ஏன்?"

"அப்ப பேச்சையும் நீங்களே பேசுங்கோவன்."

சிரித்துக்கொண்டே சொன்னார். அச்சாகிவிட்டது, சபையில் என் மானத்தைக் காக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தவே, வருவதாக ஒப்புக்கொண்டார். வந்து தமக்குத் தெரிந்ததை மட்டும் சொல்வேன் என்றும் கூறினார். அந்தப் பிற்பகுதியை நான் காதில் வாங்கவில்லை.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பர். தம்பியார் குருமே துணியின் படத்தைத் திரையிற் காட்டினார். பன்னிரண்டு வயதளவில் இருந்த ஒரு சிறுமி, தேய்ந்து வெளிறிய பழந்துணியில் வெண்புள்ளிகளைக் கண்டு, அதன் இழைகளைப் பிரித்துப் பார்த்து, அப்புள்ளிகளை வேண்டுமென்றே உண்டாக்க நூலைக் கட்டிச் சாயமிட்டாள் என அவ்வூரார் சொல்வதைச் சொன்னார். இவ்வாறு நூல் கட்டும் முறை இந்தியாவிலும் மலாய்த் தீவுகளிலும் உண்டென்றும், தெற்கே ரியூக்யூத் தீவுகள் வழியாக யப்பானுக்கு வந்திருக்கலாம் என ஆய்வாளர் கருதுவதாகவும், முதலிற் கட்டிய கை எவருடையது என்பது எவருக்கும் தெரியாதென்றும் சொன்னார். தமிழர் என்ற சொல் வரவில்லை. சபை காத்திருந்தது. அவர் நன்றி கூறி முடித்தார்.

பின்வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார். "அப்ப தமிழன் என்ன, பாத்துக்கொண்டு நிண்டவனோ?"

இன்னொருவர் பதில் சொன்னார். "உவர் யப்பானிலை சம்பந்தம் செய்திருப்பர், விடுங்கோ."

மண்டபம் சிரித்தது. பட்டுவேட்டியும் சரிகைச் சேலையுமாய் வந்திருந்த அச்சபையில், தாம் உடுத்தியது எந்த ஊரில் நெய்தது என்று கேட்டாற் சொல்லத்தக்கவர் பத்துப் பேர் இருந்திருக்க மாட்டார்கள். சான்று கேட்டறியாத அந்த வாய்கள், சான்றில்லாததைச் சொல்ல மறுத்த மனிதனைப் பார்த்துச் சிரித்தன. அவர்களை நான் இன்றும் மதிக்கவில்லை. இம்மலர் அவர்களுடைய வீடுகளுக்கும் போகும் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

எனினும் அவர்களினும் இழிந்த செயலைச் செய்தவன் தலைமை நாற்காலியில் இருந்தான். நான் எழுந்து ஒலிவாங்கியைப் பற்றி, "தம்பி சாயச்சாலையில் உழைத்தவர். வரலாறு அவர்தம் துறையன்று. அவர் விட்ட குறையை அவையோர் பொறுத்தருள்க" என்றேன். அவை பெருங்கரவொலி எழுப்பியது. தமிழ் தூய்மையாகத்தான் இருந்தது.

விழா முடிந்து மகிழுந்தில் இக்காஸ்ட் திரும்பினோம். வீட்டு வாசலில் இறங்கும்போது தம்பியார் என் பக்கம் குனிந்தார்.

"அண்ணை, நான் சொன்னதிலை ஒரு பிழையைக் காட்டுங்கோ. அடுத்த முறை திருத்திச் சொல்லுறன்."

ஏளனமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். மறுநாள் தொடக்கம் நூலகங்களிலும் நண்பரிடத்திலும் நான் தேடினேன், தம்பியைத் திருத்துவதற்காக. தேடத்தேட அவர் சொன்னதே நின்றது, நான் வைத்த தலைப்பே விழுந்தது. ஒத்திருப்பன எல்லாம் ஓரினம் என்று நம்பி நாற்பது ஆண்டுகள் மேடையேறியவன், பொருளைத் திருப்பிப் பார்த்துப் பேசும் ஒழுக்கத்தைக் கற்கவேயில்லை. இதை அவரிடம் சொல்ல எனக்கு நாவெழவில்லை. பெருநாள்களிற் சந்தித்தோம், உண்டோம், நலம் கேட்டோம்.

சென்ற ஆண்டு கணையத்தில் நோய் கண்டது. காலம் குறைவு என்று மருத்துவர் ஒளிக்காமற் சொன்னார். சில்க்போர்க்கில் மருத்துவமனைக் கட்டிலில் மெலிந்து கிடந்தவரைக் காணப் போனபோது, கண் திறந்து முதலிற் கேட்ட கேள்வி இது:

"என்னண்ணை, அந்தப் பிழை அம்பிட்டுதோ?"

"இல்லையடா. உன்னட்டைப் பிழை இல்லை. பிழை என்னட்டை."

"ஆறுதலாத் தேடுங்கோ. எனக்கு அவசரமில்லை" என்றார். அவருடைய துணைவியார் சிரித்துவிட்டு வெளியே போய் அழுதார். ஒன்பதாம் நாள் விடியற்காலையில் தம்பியார் காலமானார்.

எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவு முடிந்ததும், மலர்க்குழுவின் சார்பில் மைத்துனர் அந்த வாக்கியத்தோடு வந்தார். ஒரு வரிதானே, செத்த மனிசனுக்குப் பெருமைதானே என்று வாதாடினார். அத்தான் எங்கேயாவது வந்து மறுக்கப் போகிறாரோ என்றும் கேட்டார். மறுக்க மாட்டார் என்பதனாற்றான் எழுதக்கூடாது என்றேன். அவருக்கு விளங்கவில்லை. அவரை விளங்கவைக்கும் ஆற்றல் எனக்கில்லை, இருந்தாலும் அதை அவர்மேற் செலவிட விருப்பமில்லை. வழமையில் எனக்கு டேனிய மொழியிலேயே மறுமொழி சொல்லும் என் பெறாமகள், தம்பியாரின் மகள், அன்று தமிழிற் சொன்னாள்: "பெரியப்பா, அப்பா சொல்லாததைப் போட்டால் நான் இந்தப் புத்தகத்தை ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன்." இவ்வாறு அவ்வாக்கியம் நீங்கியது.

இனி நன்றி கூறும் கடன் உண்டு. இரவு பகல் பாராது பணிவிடை செய்த தாதியர்க்கும், இறுதிக் கிரியைகளுக்குத் தோள் கொடுத்தோர்க்கும், துயர் வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் உணவு கொண்டுவந்த அயலவர்க்கும், மலர்ச்சாடியோடு வந்து பின்வரிசையில் நின்ற அருங்காட்சியக அம்மையாருக்கும் குடும்பத்தார் நன்றியுடையோம்.

கோல்டிங் மண்டபத்தில் அன்று தம்பியார் பேசி முடித்தபோது, சிரிப்பொலி எழுமுன், கைதட்டியவர்கள் மூவர். ஒருவர் அவர் துணைவியார். ஒருவர் அவர் மகள். மூன்றாமவர் சாயச்சாலையில் அவரோடு வேலை செய்த, தமிழ் ஒரு சொல்லும் அறியாத டேனிய முதியவர். அம்மூவருக்கும் தனியே நன்றி கூறுகிறேன். அவருடைய சொந்தத் தமையன் அவர்களுள் ஒருவனாக இருக்கவில்லை.