டைனமோவில் பாடிய பாட்டு

லண்டனில் இருக்கும் பெரியம்மாவின் மகன் சிவண்ணர், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நேற்றும் ஒரு பழைய காதல் பாட்டைப் போட்டிருந்தார். கீழே, ‘எங்கட ஊர் உடையார்கட்டில் நான் உயிராய்க் கேட்ட பாட்டு. கண் கலங்குது’ என்றொரு குறிப்பு. அவருக்குக் கண் கலங்கும்; எனக்குக் கை வலிக்கிறது.

அது சண்டைக் காலம். கரண்டும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றினால்தான், டைனமோவிலிருந்து மின்சாரம் வந்து ரேப் ரெக்கோடர் பாடும். சுற்றுவது நான். கதிரையில் சாய்ந்து உருகுவது அண்ணர். பக்கத்து வளவு மலருக்குக் கேட்கவேண்டுமாம்.

எனக்கோ புடலங்காய்க் கை. இரண்டாம் சரணத்தில் களைத்துவிடுவேன். உடனே பாடகரின் குரல் தொய்ந்து, அழுவதுபோல் இழுபடும்.

“டேய், பாட்டுக்காரனுக்கு வயித்துக்குத்தோ எண்டு அவள் கேக்கப்போறாள். சுத்தடா, மாடு!” என்று கத்திவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொள்வார். உயிராய்க் கேட்ட லட்சணம் இதுதான்.

நேற்று அந்தப் பாட்டைக் குசினிக்குள் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். மலர்தான், வேறு யார்? மீன் வெட்டியபடியே கேட்டாள்.

“இதில்லையப்பா அந்தப் பாட்டு. அந்தாள் கடைசியில இழுத்து இழுத்தெல்லோ பாடுவார். அதைக் கேக்கத்தானே நான் வேலிக்கரைக்கு வாறனான். இது சும்மா ஓடுது.”

ஆக, என் வாழ்நாளில் ஒருத்தியை மயக்கியது என் களைப்புத்தான். சிவண்ணருக்குப் பதிலாக ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்பினேன். பெடல் சுற்றிய அதே கையின் விரல்.