மூன்றாவது ஏற்றம்

என் ஓரகத்திக்கு இதயத்தில் அடைப்பு என்று தெரிந்த மாதம், எங்கள் வீட்டுக்கு வந்த ஆப்பிளை வைத்து ஒரு பழக்கடையே போட்டிருக்கலாம். ஸ்ரீரங்கத்தில் இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். நான் கீழே, அவளும் என் கொழுந்தனாரும் மாடியில். வருகிறவர்கள் என் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "அவங்க இப்ப எப்படி இருக்காங்க?" என்று என்னிடமே கேட்டுவிட்டு நேரே மேலே போய்விடுவார்கள். படி ஏறினால் எனக்கும்தான் மூச்சு வாங்கியது. யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அவளோ எக்கோ, டிரெட்மில், ஆஞ்சியோ என்று க்ஷேத்திராடனம் போய் வந்தவள் மாதிரிக் கதை சொல்லுவாள். "எக்கோவில என் இதயம் டிவியில தெரிஞ்சுதுக்கா. அடிக்கிறது அப்படியே தெரியுது!" பக்கத்தில் கொழுந்தனார் காப்பியை ஆற்றி அவள் கையில் கொடுப்பார். என் வீட்டுக்காரர் இருந்த காலத்திலும் எனக்கு அப்படி ஆற்றிக் கொடுத்ததில்லை. இப்போது அவரும் இல்லை.

ஒருநாள் நடுப்படியில் நான் உட்கார்ந்திருந்ததை என் மகன் பார்த்துவிட்டான். மறுநாளே தென்னூர் ஆஸ்பத்திரி. முதலில் ஒயரை ஒட்டி ஈசிஜி. பிறகு இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஜில்லென்று ஏதோ பசையைத் தடவி எக்கோ. "பம்பிங் நல்லா இருக்கும்மா" என்றார் டாக்டர். ஓரகத்திக்குக் கொஞ்சம் குறைவு என்று சொன்னது நினைவுக்கு வந்தது. மனசு குளிர்ந்தது. ஆனாலும் மூச்சு வாங்குகிறதே, டிரெட்மில்லும் பார்த்துவிடலாம் என்றார்.

அங்கே இருந்த பெண் சொன்னாள்: "பெல்ட் ஓடும், நீங்க நடக்கணும்மா. போகப் போக வேகமும் ஏத்தமும் கூடும். நெஞ்சு வலிச்சா உடனே சொல்லிடணும்."

"என் ஓரகத்தி இங்கதான் நடந்தா. எதுவரைக்கும் போனா?"

"அதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்குமாம்மா?" என்று சிரித்தாள். என் மகனுக்கு வாய் சும்மா இருக்காது. "சித்தி ரெண்டாவது ஏத்தத்துலயே நின்னுட்டாங்க. உனக்கு எதுக்கும்மா அது?"

எதுக்கா? ஏகாதசிக்கு ஏகாதசி நாங்கள் இருவரும் வெறுங்காலோடு கோயில் வீதியைச் சுற்றுவோம். பாதியில் அவள் ஏதாவது கடைப்படியில் உட்கார்ந்துவிடுவாள். நான் நின்றதே கிடையாது. சுற்றி முடிக்கிறவரை தண்ணீர் கிடையாது, கால் வலி என்ற பேச்சும் கிடையாது. அதே வழக்கத்தோடு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பெல்ட்டில் ஏறினேன்.

இரண்டாவது ஏற்றத்திலேயே நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி இருந்தது. தாடை வரைக்கும் இழுத்தது.

"வலிக்குதாம்மா?"

"இல்லையே."

மூன்றாவது ஏற்றம் வந்தது. தாண்டிவிட்டேன்.

"இப்ப?"

"எனக்கென்ன, நடக்குறேன்ல."

அந்தப் பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் ஓடிய கோட்டைப் பார்த்தாள். பொத்தானை அமுக்கி நிறுத்திவிட்டாள். டாக்டர் ஓடி வந்து நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தார்.

"ஏம்மா, வலிக்கவே இல்லையா?"

"லேசா."

"கோடு லேசான்னு சொல்லலையே. மிஷின் பாதிதான் சொல்லும், மீதியை நீங்கதான் சொல்லணும். இங்க நடந்து ஜெயிச்சா யாரும் கப்பு கொடுக்க மாட்டாங்க."

"மூணாவது முடிஞ்சுதா, இல்லையா?" என்றேன். என் மகன் தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் ஆஞ்சியோ. மணிக்கட்டு வழியாகக் குழாயை விட்டு மருந்தைச் செலுத்தினார்கள். திரையில் பார்த்தேன். கோடையில் கொள்ளிடம் மணலுக்குள் பிரிந்து பிரிந்து ஓடுமே, அப்படி என் ரத்தக்குழாய்கள். ஓரிடத்தில் மட்டும் நூலாக மெலிந்து கிடந்தது. அது பெரிய ரத்தக்குழாய் என்று சொல்லி, அடைப்பை விரித்து ஸ்டென்ட் வைத்தார்கள். ஓரகத்திக்கு வைத்தது சின்னக் குழாயில். அந்த நிலைமையிலும் எனக்கு அது ஞாபகம் வந்தது.

சாயங்காலம் வார்டுக்கு வந்தாள், கொழுந்தனார் கையைப் பிடித்துக்கொண்டு. உட்காரும் முன்பே கேட்டாள்: "டிரெட்மில்ல எவ்வளவு நடந்தீங்கக்கா?"

"மூணாவது ஏத்தம்."

முகம் சுருங்கியது. "அன்னிக்கு எனக்குக் காலையில இருந்தே அசதி."

"எனக்கு மட்டும் என்ன, கல்யாண விருந்தா போட்டாங்க?"

"ஏன் அண்ணி, இது என்ன கோலப் போட்டியா?" என்று கொழுந்தனார் சிரித்தார்.

அவள் விடவில்லை. "வலி வந்ததும் நான் 'வலிக்குது'ன்னு கத்திட்டேன்க்கா. வெளியில நின்ன இவரு அழுதுட்டாரு." கூச்சமே இல்லாமல் சொன்னாள். பிள்ளை பெற்றபோதும், என் வீட்டுக்காரர் போனபோதும், அந்தச் சொல்லை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. சொன்னால் அழுவதற்கு வாசலில் ஒருவர் நிற்பார் என்று தெரிந்தவளுக்கு அது சுலபம்.

அப்போது நர்ஸ் வந்து, குழாய் விட்ட மணிக்கட்டில் இறுக்கியிருந்த பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். விரலெல்லாம் மரத்து விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது.

"கை வலிக்குதாம்மா?"

ஓரகத்தி என்னையே பார்த்தாள். அவள் எதிரிலா?

"இல்லை" என்றேன்.

"வலிக்குதுங்க. கொஞ்சம் தளர்த்தி விடுங்க" என்றாள் அவள், நர்ஸிடம்.

அதையும் அவளே சொல்லிவிட்டாள்.