இடது கை சொன்ன சாட்சி

கடையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். சீனி டின்னை எடுக்கச் சொல்ல மகளைப் பார்த்து வாயைத் திறந்தேன். "சாவி, சாவி" என்று வந்தது. அவள் சாவியைக் கொண்டுவந்து நீட்டினாள். எனக்குக் கோபம் வந்தது. அதற்குப் பிறகுதான் வலது கையிலிருந்த கோப்பை விழுந்தது.

பக்கவாதம் என்றார்கள். கூடவே அஃபேசியா (மூளையில் சொல்லை எடுத்துத் தரும் இடம் பழுதாவது). புத்தி கெடவில்லை, வாயில்தான் வேறு சொல் வரும் என்றார் டொக்டர். எனக்கு விளங்கவில்லை. புத்தி நன்றாக இருந்தால் வாய் எதற்குப் பொய் சொல்கிறது?

பொய் என்று சொல்லக் காரணம் உண்டு. நோய் வருமுன், எங்கள் ஊர் பலாபத்வலயில் என் கடைக்கு முன்னால் ஒரு லொறி சைக்கிளில் வந்தவரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போனது. பின்னால் த்ரீவீலரில் (ஆட்டோவில்) வந்த எங்கள் ஊர் நேசன் வண்டியை நிறுத்தி அவரைத் தூக்கினான். அவர் செத்துப்போனார். அடித்தது அவன் வண்டிதான் என்று வழக்கு நேசன் மேல் விழுந்தது. லொறியைக் கண்டவள் நான் ஒருத்திதான். நேசனிடம் அதைச் சொல்லியிருந்தேன், பொலிஸில் சொல்லுமுன் நோய் வந்துவிட்டது.

கோர்ட்டில் நின்று பேச என்னால் முடியாது. பொலிஸ் பக்கம் எதிர்க்காவிட்டால் சத்தியக் கடதாசி (சத்தியம் செய்து எழுத்தில் தரும் சாட்சி) கொடுத்துப் பார்க்கலாம் என்று நேசனின் சட்டத்தரணி (வக்கீல்) வீட்டுக்கு வந்தார். நேசனின் பெண்சாதி வசந்தியும் வந்தாள்.

"அக்கா, அடிச்சது த்ரீவீலரா?" என்று கேட்டார் சட்டத்தரணி.

இல்லை என்றுதான் நினைத்தேன். "ஆமா" என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் "ஆமா."

"எவன்கிட்ட வாங்கித் தின்னீங்க?" என்று வசந்தி கத்தினாள்.

"அம்மாவுக்கு எல்லாத்துக்கும் ஆமாதான். நேத்து நீ ஆம்பளையான்னு கேட்டேன், அதுக்கும் ஆமாங்கிறாங்க" என்றாள் மகள். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப கோயிலுக்கு வாங்க. லொறிதான்னு கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணுங்க" என்றாள் வசந்தி.

போனேன். சத்திய வார்த்தையை மகள் எனக்காகச் சொன்னாள். வலது கை எழும்பவில்லை. இடது கையால் கற்பூரத்தை அணைத்தேன்.

"பீச்சாங்கையால பண்ணா அது சத்தியமா?" என்றாள் வசந்தி. விரல் வெந்தது எனக்கு மட்டும்தான். ஒருவேளை த்ரீவீலர்தான் அடித்ததோ என்று நானே குழம்பிப்போனேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் மிஸ்தான் வழி சொன்னார். "வாய நம்பாதீங்க. ஒரே விஷயத்த நேராவும் கேளுங்க, திருப்பியும் கேளுங்க. அம்மா கட்டைவிரல்ல காட்டட்டும்." உங்கள் வீட்டில் இந்த நோய் இருந்தால் இதைச் செய்யுங்கள். ஆமா என்றதும் எழுதிக்கொள்ளாதீர்கள்.

சமாதான நீதவான் (சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்திக் கையெழுத்திடுபவர்) முன்னால் அப்படியே கேட்டார்கள். லொறியா? விரல் மேலே. த்ரீவீலரா? கீழே. லொறி பச்சையா? விரல் நடுவில் நின்றது. பச்சை என்றே போடச் சொன்னாள் மகள். அவள் கையில் ஓர் அடி போட்டேன். அது நான் கண்ட நிறமா, அவர்கள் கேட்டதும் மனதில் வந்த நிறமா, தெரியவில்லை. தெரியாது என்றே எழுதினார்கள். கடைசியில் இடது பெருவிரலை மையில் தோய்த்து வைத்தேன். கோயிலில் செல்லாத கை அங்கே செல்லும். என்ன கணக்கோ.

கடதாசியை ஏற்பார்களா என்று இன்னும் தெரியாது. வழக்கு தவணை மேல் தவணையாகத் தள்ளிப்போகிறது. வலது கை இப்போது கோப்பையைப் பிடிக்கிறது, ஆனால் பிடித்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் நம்புகிறேன். சொல்லும் வருகிறது, தன் நேரத்துக்கு.

நேற்று நேசன் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தினான். "மறுபடி தவணை போட்டுட்டாங்க அக்கா" என்றான். பயப்படாதே என்று சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை. அவன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். வண்டி வளைவில் மறைந்த பிறகு அந்தச் சொல் வந்தது. வெறும் றோட்டைப் பார்த்துச் சொன்னேன்.