எனக்கு மட்டும் வந்த சட்டம்

என்னை முதன்முதலில் 'மேடம்' என்று அழைத்தவர், தாம்பரம் மார்க்கெட்டில் நான் வேலை பார்த்த புடவைக்கடையின் மேனேஜர். மற்ற நாட்களில் அவருக்கு நான் எருமை. அன்று தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வுக்கு வருவதாகக் காதுக்கு எட்டியிருந்தது. அப்படி வரும்போதெல்லாம் பதினெட்டு நிரம்பாத பெண்கள் யூனிஃபார்ம் கோட்டைக் கழற்றிவிட்டு வாடிக்கையாளர்களாகிவிட வேண்டும் என்பது கடை வழக்கம். நாற்காலியில் உட்காரவைத்து, குளிர்பானம் கொடுத்து, எங்கள் முன்னால் பட்டுப்புடவைகளை விரிப்பார்கள். உட்காரக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டோம், வெட்கக்கேடு.

வந்த அதிகாரி ஒரு பெண். வண்டலூரிலிருந்து என்னோடு ரயிலில் வரும் தோழியிடம் முதலில் கேட்டார். அவளுக்கும் என்னைப் போலப் பதினாறுதான். "அக்கா கல்யாணத்துக்குப் பொடவ எடுக்க வந்தேன் மேடம்" என்று சொல்லிக்கொடுத்தபடி ஒப்பித்தாள். என்னால் முடியவில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் தவறியிருந்தேன். மறுதேர்வுக்கு மாலை ஏழரை மணி டியூஷனுக்குப் போயாக வேண்டும். கடையோ இரவு பத்துவரை விடாது. "நான் இங்கதான் மேடம் வேலை செய்றேன்" என்றேன். தோழி பயந்துபோய் என் காலை மிதித்தாள். அவளைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை.

பதினாறு வயதில் இந்த வேலைக்குத் தடையில்லை என்று அதிகாரி மேனேஜருக்கு விளக்கினார். ஆனால் ஓய்வையும் சேர்த்து ஆறு மணி நேரம்தான், நடுவில் ஒரு மணி நேர ஓய்வு, வாரம் ஒரு நாள் விடுமுறை, மாலை ஏழுக்கு மேல் கூடாது.

மறுநாளிலிருந்து மேனேஜர் அத்தனையையும் இம்மி பிசகாமல் கடைப்பிடித்தார், எனக்கு மட்டும். ஓய்வு நேரத்தில் கடை நடுவே நாற்காலி போட்டு உட்காரவைப்பார். "சட்டத்தம்மா ரெஸ்ட் எடுக்குது. அதோட வேலையையும் நீங்களே பாருங்கடி" என்று சிரிப்பார். நான் மடிக்க வேண்டிய புடவைகளை மற்றவர்கள் நின்றபடியே மடித்தார்கள். சாப்பாட்டு வேளையில் என் பக்கம் யாரும் வருவதில்லை. தோழி பேச்சை நிறுத்திவிட்டாள். டியூஷனில் கணக்கு மண்டையில் ஏறவில்லை.

அந்த ஆள் அடித்திருந்தால்கூட மறந்திருப்பேன். இன்றும் எந்தக் கடையில் உட்காரச் சொன்னாலும் நின்றுகொண்டே வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன்.

கடைசியில் நானே அவரிடம் போய் நின்றேன். "அண்ணா, டியூஷன நிறுத்திடறேன். நானும் பத்து மணி வரைக்கும் இருக்கேன்."

"ஏழு ஆவப்போவுது, கெளம்பும்மா. சின்னப் புள்ளைய அதுக்கு மேல வச்சிருந்தா தப்பு" என்றார், அத்தனை பரிவோடு.

பின்னால் என் பங்குப் புடவைகளை மடித்துக்கொண்டிருந்த தோழி நிமிராமலே சொன்னாள்: "போவச் சொல்லுங்கண்ணா அத. மூஞ்சப் பாக்கவே புடிக்கல."